சிகாகோ, ஜூலை, அப்பா அம்மாவோடு முதல் பயணம்: கார் வேண்டுமா, வேண்டாமா?

மேலமாசிவீதி:
எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். இங்கே அடிக்கிற வெயிலுக்குப் பயந்து வந்த நாள் முதல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் ஜூலை மூன்றாவது வாரத்துக்குச் சிகாகோ விமான டிக்கெட் போட்டுவிட்டேன். ஞாயிறு மதியம் ஓஹேர் விமான நிலையத்தில் இறங்கி, வியாழன் இரவு கிளம்புகிறோம். எங்களில் யாரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, நடப்பார், ஆனால் படிக்கட்டைப் பார்த்தால் முகம் மாறிவிடும். அம்மா சுத்த சைவம், முட்டை கலந்த கேக் கூடத் தொடமாட்டார். மகளுக்கு ஒன்பது வயது, டைனோசர் என்றால் உயிர். நானும் மனைவியும் சேர்த்து ஐந்து பேர்.

இப்போதைக்கு என் திட்டம் இது. ஏர்போர்ட்டிலேயே பெரிய காராக வாடகைக்கு எடுப்பது, ஓஹேர் பக்கத்தில் மலிவாக ஒரு ஹோட்டல், தினமும் காலையில் நகர மையமான டவுன்டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய் இரவு திரும்புவது. வில்லிஸ் டவர், ஹான்காக் டவர், மீன் காட்சியகம், டைனோசர் மியூசியம், அந்தப் பளபள பீன் சிற்பம், நேவி பியர் எல்லாம் பார்க்க வேண்டும், பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகத் தருகிற சிட்டிபாஸ் ஆளுக்கு ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். இது சரிதானா? அம்மா சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஏரிக்கரை:
வாங்க. வடக்குச் சிகாகோவில் பல வருடமாக இருக்கிறேன், கோடையில் விருந்தாளி வராத வாரமே கிடையாது என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. முதலில் காரை விடுங்கள். இரண்டாவது, ஓஹேர் ஹோட்டலை விடுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து டவுன்டவுன் பதினேழு மைல்தான், ஆனால் கென்னடி எக்ஸ்பிரஸ்வேயில் காலை நேரத்தில் அது ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். உள்ளே போனபின் பார்க்கிங். அப்பாவைக் காரிலிருந்து இறக்கி, கராஜிலிருந்து மேலே ஏற்றி, பார்க்க வேண்டிய இடத்துக்கு எப்படியும் நடக்கத்தான் போகிறீர்கள்.

கோடையில் இந்த ஊர் என்பது மிச்சிகன் ஏரிக்கும் சிகாகோ ஆற்றுக்கும் நடுவே உள்ள அந்தத் துண்டு நிலம்தான். அங்கேயே ஒரு ரூம் எடுத்துவிட்டால் மதியம் வெயில் ஏறும்போது அப்பா அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்ப வெளியே வரலாம். ஜூலையில் எட்டேகால் மணி வரை வெளிச்சம் இருக்கும். ஓஹேரில் தங்கினால் இந்த மதியத் தூக்கம் கிடையாது, காலையில் கிளம்பினால் இரவு வரை எல்லாரும் தெருவில்தான். ஐந்து மணிக்குப் பிறகுதான் இந்த ஊர் அழகாக இருக்கும், அந்த நேரத்தில் உங்கள் வீட்டு ஆட்கள் சோர்ந்து காரில் உட்கார்ந்திருப்பார்கள்.

நேப்பர்வில்_மாமி:
ஏரிக்கரை சொல்வது சின்ன வயதுக்காரர்களுக்குச் சரி. வயசானவர்களைப் பெட்டியோடு ரயிலில் ஏற்றி இறக்கவா? அதோடு ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கிறார்கள், லெமான்ட் கோயிலும் அரோரா பாலாஜி கோயிலும் காட்டாமல் அனுப்புவீர்களா? லெமான்ட்டில் குன்றின் மேல் ராமர் கோயில், பக்கத்திலேயே பிள்ளையார், சிவன், துர்க்கை சன்னிதிகள், வளாகத்தில் விவேகானந்தர் சிலை. இந்த இரண்டு இடத்துக்கும் ரயிலை நம்பிப் போக முடியாது. கார் இருந்தால் அரை நாளில் முடித்துவிடலாம், கோயில் சாப்பாட்டில் அம்மா பிரச்சினையும் ஒரு வேளைக்குத் தீரும்.

கணக்குப்பிள்ளை:
மாமி, அந்த அரை நாளுக்காக ஐந்து நாள் காருக்கு யார் காசு கட்டுவது? டவுன்டவுன் ஹோட்டல்களில் வாலே பார்க்கிங் ஒரு இரவுக்கு 60 டாலருக்கு மேல் சர்வசாதாரணமாகப் போகும். கோயிலுக்குப் போகிற அன்று மட்டும் டவுன்டவுனிலேயே ஒரு வாடகை அலுவலகத்தில் காலையில் எடுத்து மாலையில் விட்டுவிடலாம்.

மேலமாசிவீதிக்கு ஒன்று. ஹோட்டல் தளத்தில் தெரிகிற விலையை அப்படியே நம்பாதீர்கள், சிகாகோவில் அறை வரி மட்டும் 17 சதவீதத்துக்கு மேல். அதற்கும் மேலே சில இடங்களில் ரிசார்ட் கட்டணம் மாதிரி ஏதாவது ஒரு பெயரில் தினமும் தனியாகப் பிடுங்குவார்கள். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை என்பது நல்ல தேர்வு, வெள்ளி சனி இரவுகளைவிட மலிவாகவே கிடைக்கும். இன்னும் ஓரிரண்டு வாரம் தள்ளிப் போயிருந்தால் லோலாபலூசா இசை விழாவில் மாட்டியிருப்பீர்கள், கிராண்ட் பார்க் முழுக்கக் கூட்டம், அறை வாடகை கண்டபடி ஏறும்.

ரயில்பித்தன்:
பெட்டியோடு ஏற முடியாது என்பதெல்லாம் பழைய பயம். ஓஹேர் ஸ்டேஷன் டெர்மினலுக்குக் கீழேயே இருக்கிறது, ப்ளூ லைன் ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது, அதனால் காலி வண்டியில் உட்கார்ந்துகொண்டே வரலாம். முக்கால் மணி நேரத்தில் டவுன்டவுன். கிளார்க்/லேக் ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு. எல்லா ஸ்டேஷனிலும் கிடையாது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தில் வீல்சேர் குறி இருக்கிற ஸ்டேஷனாகப் பார்த்து இறங்கினால் அப்பாவுக்குப் படி ஏறும் வேலை இல்லை. தனியாகக் கார்டு வாங்கக்கூட வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினாலே கதவு திறக்கும், ஆனால் எத்தனை பேரோ அத்தனை முறை தட்ட வேண்டும். ஓஹேரில் ஏறும்போது மட்டும் கட்டணம் கூடுதல், திரும்பிப் போகும்போது சாதாரணக் கட்டணம்தான்.

அப்புறம், ரயில் என்பது போக வர மட்டும் இல்லை. லூப் என்று சொல்கிறார்களே, டவுன்டவுனை வளைத்துக்கொண்டு தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடுகிற பாதை, அது 1897-லிருந்து இருக்கிறது. பிரவுன் லைனில் மெர்ச்சண்டைஸ் மார்ட் ஸ்டேஷனில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் இறங்குங்கள், ஒரே டிக்கெட். ஆற்றைக் கடந்ததும் திருப்பத்தில் சக்கரம் கிறீச்சிடும், இரண்டாம் மாடி ஆபீஸ் ஜன்னலுக்குள் யார் என்ன சாப்பிடுகிறார் என்பது வரை தெரியும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எந்த டவரைவிடவும் இது பிடிக்கும்.

பொன்னி:
ரயில்பித்தன் அண்ணா எப்போதும் ரயில் பக்கம்தான் பேசுவார். நான் இங்கே படிக்கிறேன், தினமும் அதில்தான் போகிறேன், பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் பெரியவர்களோடும் குழந்தையோடும் என்றால் உபர் எடுத்துவிடுங்கள். ராத்திரிப் பெட்டிகளில் சிலர் சிகரெட் பிடிப்பார்கள், யாராவது தனக்குத்தானே சத்தம் போட்டுக்கொண்டிருப்பார், ஆபத்து என்று இல்லை, உங்கள் அம்மாவுக்குப் பதற்றமாக இருக்கும் அவ்வளவுதான். எப்போது ஏறினாலும் ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள். கதவோரம் நின்றுகொண்டு போனைப் பார்க்காதீர்கள், கதவு மூடும் நேரம் பிடுங்கிக்கொண்டு ஓடுவது நடக்கிற விஷயம்.

டிவியில் காட்டுகிற துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளில் பெரும்பகுதி நீங்கள் போகவே போகாத சில பகுதிகளைப் பற்றியது. அங்கேயும் சாதாரணக் குடும்பங்கள்தான் வாழ்கின்றன, அதையும் சொல்லியாக வேண்டும்.

மேலமாசிவீதி:
இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை, நன்றி. கார் விஷயத்தில் மனைவி உடனே ஏரிக்கரை கட்சிக்குப் போய்விட்டார். ஆனால் வில்லிஸ், ஹான்காக் இரண்டிலும் ஏற வேண்டும் என்பதில் அப்பா பிடிவாதம். ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சிட்டிபாஸ் பற்றி யாரும் பேசவில்லையே?

கணக்குப்பிள்ளை:
நான் பேசுகிறேன். பாஸ் என்பது அதில் உள்ளவற்றில் பெரும்பாலானதை நீங்கள் பார்த்தால்தான் லாபம். நடுவில் ஒன்றிரண்டை விட்டால் லாபம் கரைந்துவிடும். உங்களுக்கு முழுதாகக் கிடைப்பது மூன்று நாள், வரும் நாளும் போகும் நாளும் பாதி பாதி. ஐந்து பேரில் ஒருவருக்கு முழங்கால் வலி. காசு கொடுத்துவிட்டோமே என்று அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடுவீர்கள். குழந்தைக்குப் பல இடங்களில் கட்டணம் குறைவு, ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் பதினான்கு வயதுக்குக் கீழே இலவசம். லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலை வருடம் முழுக்க எல்லாருக்கும் இலவசம்.

இரண்டு டவர் வேண்டாம், ஒன்று போதும். அதையும் முன்கூட்டி வாங்காதீர்கள். ஏரியிலிருந்து மேகமோ மூடுபனியோ வந்தால் 103-வது மாடியில் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். காலையில் ஜன்னல் வழியாக டவர் உச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்போது வாங்குங்கள். முன்பெல்லாம் ஹான்காக்கில் 95-வது மாடி உணவகத்தில் ஒரு ஜூஸ் விலைக்கு அதே காட்சி கிடைக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், பழைய பதிவுகளில் இன்னும் அது இருக்கும், 2023-ல் அதை மூடிவிட்டார்கள், அதை நம்பிப் போகாதீர்கள்.

ஏரிக்கரை:
அப்பா பிடிவாதத்துக்கு ஒரு மருந்து சொல்கிறேன். இரண்டு கட்டடத்துக்கும் கட்டமைப்பு வடிவமைத்தவர் ஒருவரேதான், டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஹான்காக்கில் வெளியே தெரிகிற அந்தப் பெரிய பெருக்கல் குறிகள் அலங்காரம் இல்லை, காற்றைத் தாங்குகிற எலும்புகள். வில்லிஸ் ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியது, மேலே போகப் போக இரண்டு மூன்றாக நின்றுபோய்க் கடைசியில் இரண்டு மட்டும் 110-வது மாடி வரை போகும். வில்லிஸில் ஏறி ஹான்காக்கைப் பார்த்துவிட்டால் இரண்டும் கணக்கில் வந்துவிடும். ஊரில் கதை சொல்ல இது போதும்.

ஆனால் பணம் செலவழிப்பதென்றால் முதலில் ஆற்றுப் படகுக்குச் செலவழியுங்கள், டவர் எல்லாம் பிறகு. சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டர் நடத்தும் படகு, ஒன்றரை மணி நேரம், கூடவே வந்து விளக்குகிறவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை, ஆர்வத்தால் படித்துத் தேறிய தொண்டர்கள். அப்பா உட்கார்ந்த இடத்திலேயே ஊரைப் பார்க்கலாம். 1871 தீயில் ஊர் நடுவே எரிந்து போனதும், அதற்குப் பிறகு உயரமாகக் கட்டப் பழகியதும், சாக்கடை குடிநீர் ஏரியில் கலக்கிறது என்று 1900-ல் கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்த்திசையில் ஓடவிட்டதும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகுள்ள நேரமாகப் பாருங்கள், மேல்தளத்தில் நிழல் கிடையாது. மிச்சிகன் அவென்யூ பாலத்தடியில் ஏறும் இடத்துக்குப் படிகள் உண்டு, முழங்கால் விஷயத்தைச் சொல்லி எந்த வழியாக வரலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேப்பர்வில்_மாமி:
படகு நல்ல யோசனை, நானும் ஒத்துக்கொள்கிறேன். சாப்பாட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, ஆண்களிடம் கேட்டால் இப்படித்தான். டெவான் அவென்யூ என்று ஒன்று இருக்கிறது, ஊரின் வடக்கு முனை, தோசை, சாப்பாடு, மளிகை, நகைக்கடை எல்லாம் அங்கேதான். ஒரு மாலை அங்கே ஒதுக்குங்கள்.

பொன்னி:
டெவானுக்கு ரெட் லைனில் லயோலா வரை போய் 155-ஆம் எண் பஸ் பிடிக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பசிக்கிற நேரத்தில் போகிற தூரம் இல்லை அது. கோயிலுக்குக் கார் எடுக்கிற அன்று திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். டவுன்டவுனில் தினசரிக்கு மெக்சிகன், மத்தியக் கிழக்கு, தாய்லாந்துக் கடைகளை நம்பலாம், ஃபலாஃபெல், அரிசி பீன்ஸ் கிண்ணம் எல்லாம் தெருவுக்குத் தெரு உண்டு. தாய்லாந்துக் கடையில் மீன் சாஸ் வேண்டாம் என்று சொல்ல மறக்காதீர்கள், முட்டையும்தான்.

டீப் டிஷ் பீட்சா ஒரு தடவை சாப்பிடத்தான் வேண்டும். ஆர்டர் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகும், பசிப்பதற்கு முன்பே போய் உட்காருங்கள். சீஸ் அடியில், தக்காளி மேலே, கரண்டி வைத்து எடுத்தால் நூல் நூலாக இழுக்கும். ஆளுக்கு ஒரு துண்டுக்கு மேல் யாராலும் முடியாது, ஐந்து பேருக்குப் பெரிதாக ஒன்று போதும். உள்ளூர்க்காரர்கள் தினமும் சாப்பிடுவது அது இல்லை, சதுரம் சதுரமாக வெட்டித் தருகிற மெல்லிசு பீட்சா. எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஏரிக்கரை:
ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா அதைப் பார்த்ததும் கடல் என்பார், மறுகரை தெரியாது, அலை வரும், ஆனால் உப்பு இருக்காது. ஓக் ஸ்ட்ரீட், நார்த் அவென்யூ கடற்கரைகளுக்குக் கட்டணம் இல்லை. கொடி நிறத்தைப் பாருங்கள், சிவப்பு என்றால் மகளைக் காலைக்கூட நனைக்க விடாதீர்கள். மற்ற நாளிலும் மணல் உள்ள இடத்தில், உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில் மட்டும். சிமென்ட் கரை ஓரத்தில் தண்ணீர் அமைதியாகத் தெரியும், சுவரில் மோதித் திரும்பும் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், ஒவ்வொரு கோடையிலும் இதில் யாராவது போகிறார்கள்.

வெயில் டாலஸ் அளவுக்கு இருக்காது, ஃபாரன்ஹீட்டில் 80-களின் நடுவில். சில நாள் 95-க்குப் போகும், புழுக்கம் சென்னை மாதிரி. 1995 ஜூலையில் வந்த வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்த ஊர் இது, பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள். அப்பா அம்மா இருவரும் கையில் தண்ணீரோடு இருக்கட்டும். இன்னொரு நாள் திடீரென்று இடி மழை கொட்டும். அதற்கு மிலேனியம் பார்க் எதிரே சிகாகோ கல்ச்சுரல் சென்டர் இருக்கிறது, உள்ளே டிஃபனி கண்ணாடிக் குவிமாடம், இலவசம், ஏசி, சுத்தமான கழிவறை. இந்தக் கடைசி விஷயத்துக்காகவே அந்தக் கட்டடத்தை நினைவில் வையுங்கள், டவுன்டவுனில் பொதுக் கழிவறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

மேலமாசிவீதி:
மாற்றி எழுதிவிட்டேன், பாருங்கள். லூப் பக்கம் ஹோட்டல், கார் இல்லை. ஞாயிறு மாலை பீன், அந்த முகம் தண்ணீர் துப்புகிற நீரூற்று. திங்கள் டைனோசர் மியூசியம், மாலையில் படகு. செவ்வாய் ஒரு நாள் கார், லெமான்ட் கோயில், திரும்பும் வழியில் டெவான். புதன் காலை ஆர்ட் இன்ஸ்டிடியூட், மாலை நேவி பியர் வாணவேடிக்கை. வியாழன் ஏரிக்கரை, வானம் தெளிந்திருந்தால் டவர், பிறகு ஏர்போர்ட். மீன் காட்சியகத்தை விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்குச் செவ்வாயும் புதனும் விடுமுறை. அதை வியாழனுக்கு மாற்றுங்கள், அன்று இரவு எட்டு வரை திறந்திருக்கும். புதன் காலை டவர், ஏரிக்கரை.

பயண நாளில் அப்பா அம்மா பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். உள்நாட்டு விமானம்தானே என்று வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், அவர்களுக்கு அடையாள அட்டை அதுதான்.

ஏரிக்கரை:
புதன் மாலையை நேவி பியருக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், அது கடைகளும் ராட்டினமும் உள்ள ஒரு பொருட்காட்சி, கூட்டம் வேறு. ஆறரைக்கு மிலேனியம் பார்க் பெவிலியன் என்கிற திறந்தவெளி மேடையில் கிராண்ட் பார்க் இசை விழாக் கச்சேரி இருக்கும், கோடையில் புதன், வெள்ளி, சனி. புல்வெளியில் உட்கார இலவசம், அப்பாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று கிடைத்தால் நல்லது. அது முடிந்ததும் கிழக்கே ஏரிக்கரைக்கு நடந்தால் ஒன்பது மணி வாணவேடிக்கை அங்கிருந்தே தெரியும்.

ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் ஹாப்பர், ஸெரா ஓவியங்களை எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் முதலில் கீழ்த்தளத்தில் ஆசியக் கலைப் பகுதிக்குப் போங்கள், ரயில் தண்டவாளங்களுக்கு மேலே பாலம்போல் நீளும் அறை. அங்கே நாகப்பட்டினத்திலிருந்து வந்த சோழர் காலத்துப் புத்தர் இருக்கிறார், பன்னிரண்டாம் நூற்றாண்டு, கருங்கல், தியானத்தில் உட்கார்ந்த கோலம். உட்கார்ந்த நிலையிலேயே நம் மார்பளவுக்கு மேல் உயரம். நாகையில் பௌத்தம் அத்தனை காலம் தழைத்திருந்தது என்று எனக்கே உறைத்தது அந்தக் கல்லின் முன்னால் நின்றபோதுதான். 1893-ல் விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவை நடந்ததும் இதே கட்டடத்தில்தான், வாசலில் மிச்சிகன் அவென்யூவின் அந்தப் பகுதிக்கு அவர் பெயரில் பலகை இருக்கும். மதுரைக்காரர் அப்பாவுக்கு இதைச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போங்கள், முழங்கால் வலி பற்றி ஒரு மணி நேரம் பேசமாட்டார்.

மேலமாசிவீதி:
அருமை. நாகப்பட்டினம் அம்மாவுடைய ஊர்ப்பக்கம், இன்றே சொல்கிறேன். கடைசியாக ஒன்று, அம்மா ரைஸ் குக்கரை எடுத்துக்கொண்டுதான் வருவேன் என்கிறார். ஹோட்டலில் விடுவார்களா?

நேப்பர்வில்_மாமி:
பல ஹோட்டல்களில் சாதாரண அறையில் சமைக்கக் கூடாது என்பது விதி. குக்கரை விடுங்கள், சின்ன சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள், ஐந்து பேருக்கு அதுதான் வசதி. அம்மாவிடம் ஊறுகாய், பருப்புப் பொடி, அவல் கொண்டுவரச் சொல்லுங்கள், தயிர் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். தாளிக்க மட்டும் விடாதீர்கள், கடுகு வெடித்த புகைக்கு அலாரம் அடித்தால் மொத்த மாடியும் நைட்டியோடு படிக்கட்டில் இறங்க வேண்டிவரும்.

ரயில்பித்தன்:
பிரவுன் லைன் சுற்று எந்த நாளிலும் இல்லையே? ஞாயிறு மாலையே போட்டுக்கொள்ளுங்கள், அன்று ஆபீஸ் கூட்டம் இருக்காது. மெர்ச்சண்டைஸ் மார்ட்டிலிருந்து தெற்கே போகிற வண்டி, இடது பக்க ஜன்னல். ஆற்றுக்கு மேலே வரும்போது சோளக்கதிர் மாதிரி இரட்டைக் கட்டடம் அந்தப் பக்கம்தான் தெரியும்.